ஆடாமல், அசையாமல்



கல்யாண வரவேற்புக்குப் போய்வந்த பிள்ளைகள் செல்போனில் எடுத்த படங்களைக் காட்டுகிறார்கள். மேடையும் தோரணமும் பளிச்சென்று இருக்கின்றன. ஆடிய பிள்ளைகள் மட்டும் புகைபோலக் கலங்கியிருக்கிறார்கள். "போன் சரியில்லை தாத்தா" என்கிறார்கள். குறைந்த வெளிச்சத்தில் அசையும் மனிதரைப் படம் பிடிப்பது, புகைப்படக் கலை பிறந்த நாளிலிருந்தே உள்ள தலைவலி. பிரெஞ்சில் படித்தவன் என்பதால் இந்தக் கதையின் பாரிஸ் பக்கம் எனக்குக் கொஞ்சம் பழக்கம். அதைச் சொல்கிறேன்.

1838இல் லூயி தகேர் பாரிஸில் ஒரு ஜன்னலிலிருந்து 'புல்வார் து தாம்ப்ள்' என்ற வீதியைப் படமெடுத்தார். நாடகக் கொட்டகைகள் நிறைந்த, வண்டியும் ஜனமும் ஓயாத வீதி அது. படத்திலோ வீதி வெறிச்சோடிக் கிடக்கிறது! வெள்ளி பூசிய அவருடைய தகட்டில் உருவம் பதியப் பல நிமிடங்கள் பிடித்தன. பகல் வெளிச்சமே அந்தத் தகட்டுக்கு அரையிருட்டுதான். நடந்தவர்களும் வண்டியில் போனவர்களும் ஓரிடத்தில் தங்கவில்லை, ஆகவே பதியவில்லை. வீதி ஓரத்தில் ஒருவர் காலைத் தூக்கி வைத்துப் பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். அசையாமல் நின்ற அவர் பதிந்துவிட்டார். கை ஓயாமல் தேய்த்த பாலிஷ்காரர் கலங்கலாகத் தெரிகிறார். 1839இல் இதைப் பார்த்த சாமுவேல் மோர்ஸ் (தந்தி மோர்ஸ்தான்) வியந்து ஊருக்குக் கடிதம் எழுதினார்.

ரிஜிஸ்தர் எழுதியே காலம் தள்ளிய குமாஸ்தா நான். இந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எங்கள் கவுண்டர்தான் ஞாபகம் வரும். வந்து பொறுமையாக நிற்க முடிந்தவர் பெயர் ஏட்டில் ஏறும். அன்றாடக் கூலியை விட்டுவிட்டு வர முடியாதவர் பெயர் ஏறாது. பிறகு ஒரு சான்றிதழுக்கு அவர் பிள்ளைகள் அலைவார்கள். பழைய புகைப்படங்களும் அப்படித்தான். நிற்க நேரம் இருந்தவர்கள் முகத்தோடு இருக்கிறார்கள். உழைத்தவர்கள் பாதி கரைந்து போனார்கள்.

அடுத்து வந்த ஸ்டூடியோக்காரர்கள் ஆளையே கட்டிப்போட்டார்கள். நாற்காலிக்குப் பின்னால் இரும்புக் கவை ஒன்று தலையைப் பிடித்துக்கொள்ளும். பிரெஞ்சுப் படக்காரர்கள் வழக்கமாகச் சொல்லும் வாசகம் 'ந பூஜோன் ப்ளு'. 'இனி அசையாதிருப்போம்' என்று பொருள். நம்மூர் ஸ்டூடியோவில் 'ஆடாம, அசையாம' என்பார்களே, அதன் மூத்த அண்ணன்.

1861இல் நதார் என்பவர் பாரிஸின் நிலத்தடி எலும்புக் கிடங்குகளில் பேட்டரி மின்விளக்கு வைத்துப் படமெடுத்தார். ஒரு படத்துக்குப் பதினெட்டு நிமிடம் வரை ஆனது. அவ்வளவு நேரம் எந்தத் தொழிலாளி அசையாமல் நிற்பார்? பொம்மைகளுக்கு உடை மாட்டி, எலும்பு அள்ளும் ஆட்களைப்போல நிறுத்திவிட்டார். அங்கே உண்மையில் உழைத்தவர்களின் இடத்தை வரலாற்றில் பொம்மைகள் பிடித்துக்கொண்டன!

1887இல் மக்னீசியம் வெடிப்பொடி வந்தது. இருட்டில் பளீரென்று ஒளி கிடைத்தது. கூடவே புகையும், திடுக்கிட்ட முகங்களும்.

மாறுதல் ஜெர்மனியிலிருந்து வந்தது. 1924இல் டிரெஸ்டனில் எர்மனாக்ஸ் என்ற சிறு கேமரா செய்தார்கள். அதன் அகன்ற லென்ஸ் சீக்கிரமே எஃப் 1.8 வரை போனது. எரிக் சலமோன் அதை எடுத்துக்கொண்டு மாநாட்டு அறைகளுக்குள் நுழைந்தார். ராத்திரி விளக்கொளியில், வெடிப்பொடி இல்லாமல், மந்திரிகள் பேசுவதையும் கொட்டாவி விடுவதையும் எடுத்தார். கேமராவைத் தொப்பிக்குள் ஒளித்து நீதிமன்றத்திலும் எடுத்தார். அன்றைய தகடுகள் வேகம் குறைந்தவை. ஆகவே பேசுகிறவர் ஒரு கணம் நிதானிக்கும் தருணத்துக்காகக் காத்திருந்தார். 'அசையாதே' என்று யாரிடமும் சொல்லவில்லை. யூதர் என்பதால் 1944இல் அவரை ஆஷ்விட்ஸில் கொன்றார்கள்.

புதிதாகக் கற்பவர்களுக்கு நான் சொல்வது அவருடைய பாடம்தான். எந்த அசைவிலும் ஒரு கணம் ஓய்வு உண்டு. குதிப்பவர் உச்சியில் நிற்பார், ஊஞ்சல் திரும்புமுன் தயங்கும், சிரிப்பவர் மூச்சு வாங்குவார். பொத்தானை அப்போது அழுத்துங்கள். சாதாரணமாக நடப்பவருக்கு ஷட்டர் 1/125 நொடி, ஆட்டத்துக்கு 1/250 அல்லது அதைவிட வேகம் வேண்டும். லென்ஸை முழுதும் திறந்துவிடுங்கள். சலமோனின் அதே எஃப் 1.8 இன்று விலை குறைந்த 50 மி.மீ. லென்ஸிலேயே கிடைக்கிறது. ஐ.எஸ்.ஓ.வை 1600, 3200 என்று ஏற்றத் தயங்காதீர்கள். படத்தில் மணல்போலப் புள்ளி வரும், வரட்டும். புள்ளி விழுந்த முகம் முகம்தான். கலங்கிய முகத்தைப் பிறகு சரிசெய்வது கடினம். ஆட்கள் விளக்குப் பக்கம் திரும்பும் இடமாகப் பார்த்து நில்லுங்கள். போனில் 'நைட் மோட்' ஆட்டத்துக்கு ஆகாது. அது பல படங்களை எடுத்து ஒன்றாகச் சேர்ப்பதால், தகேரின் வீதியைப்போல அசைகிறவர்களைக் கரைத்துவிடும்.

மேடையில் நிற்பவர்களை எடுக்க வாடகைக்குப் படக்காரர் வந்திருப்பார். நீங்கள் பந்தியில் ஓடியாடிப் பரிமாறுகிறவர்களை, பாத்திரம் தூக்குகிறவர்களை எடுங்கள். அவர்கள் நமக்காக நிற்க மாட்டார்கள். நாம்தான் காத்திருக்க வேண்டும்.