பாந்த்ரா நகரின் பழங்கதை

மாட்டுங்காவிலோ தாராவியிலோ வாழும் நம்மவர் மாஹிம் கழியைக் கடந்து வடக்கே செல்லுங்கால் முதலில் எதிர்ப்படும் ஊர் பாந்த்ரா. இன்று அது மும்பை மாநகரின் ஒரு பகுதி. 1876 முதல் 1950 வரை அது தனக்கென நகராட்சி கொண்டு விளங்கிய தனியூர் என்பதை நம்மில் எத்துணைப் பேர் அறிவோம்?

ஆதியில் பம்பாய்க்கும் அவ்வூருக்கும் இடையே படகே துணை. சீமாட்டி ஆவாபாய் ஜம்ஷெட்ஜி ஜீஜீபாய் பெரும்பொருள் ஈந்தமையால் 1845-இல் கழியின் குறுக்கே சாலை திறக்கப்பட்டது. அதில் செல்வோரிடம் சுங்கம் வாங்கலாகாது என்பது அவ்வம்மையார் விதித்த நிபந்தனை. பின்னர் ரயிலும் வந்தது.

வழி பிறந்தால் மக்களும் வருவர் அன்றோ? கோவாவினின்றும் மங்களூரினின்றும் கிறித்தவர் பலர் பிழைப்பு நாடிப் பம்பாய்ப் பக்கம் வந்தனர். போர்த்துகீசியர் காலத்தில் மதம் மாறிய, மராத்தி வழக்குப் பேசும் பூர்வகுடிகளையும் இப்புதியவர்களையும் பிறர் ஒன்றாகவே எண்ணினர். ஆகவே அப்பூர்வகுடிகள் 1887-இல் 'கிழக்கிந்தியர்' என்ற பெயரைத் தமக்குச் சூட்டிக்கொண்டனர். கிழக்கிந்தியக் கம்பெனியில் உத்தியோகம் பார்த்த தொடர்பால் எழுந்த பெயர் அது. மேற்குக் கடற்கரையில் கிழக்கிந்தியர்! நமக்கு நகைப்பு வரலாம். ஆயினும், சொந்த மண்ணில் அயலாராகிவிடுவோமோ என்னும் அச்சம் அப்பெயருள் உறைகின்றது. வேற்றூரில் வந்து குடியேறிய நாம் அதை உணராதிருத்தல் முறையன்று.

1950-இல் நகராட்சி பம்பாய் மாநகராட்சியுடன் இணைந்தது. ரண்வார் போன்ற பழைய குடியிருப்புகளில் ஓட்டு வீடுகள் சிலவும் தெருமுனைச் சிலுவைகளும் இன்னும் காணக் கிடைக்கின்றன. 1896-இல் பிளேக் நோய் பரவியபோது, ஊரைக் காக்க வேண்டி மக்கள் நாட்டியவை அச்சிலுவைகளுட் சில.