மென்பொருள் பணியாளர் நலம் (பொம்மையார்பாளையம் வட்டாரம்)

பொம்மையார்பாளையம், விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தில், புதுச்சேரிக்கு வடக்கே கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் உள்ள மீனவர் ஊர். மயிலம் முருகன் கோயிலை நிர்வகிக்கும் பொம்மபுர ஆதீனம் இவ்வூரின் பெயரைத்தான் தாங்கியிருக்கிறது. ஊருக்கு மேற்கே மழை அரித்த செம்மண் பள்ளங்கள். அவற்றுக்கு அப்பால் 1968 பிப்ரவரி 28 அன்று தொடங்கப்பட்ட ஆரோவில்.

இந்த வட்டாரத்துக்கு மென்பொருள் வேலை இரண்டு வழியாக வந்தது. 2020 மார்ச் ஊரடங்கில் சென்னையிலும் பெங்களூரிலும் இருந்து ஊர் திரும்பியவர்கள் கட்டிலில் சாய்ந்தபடி லேப்டாப்பை விரித்தார்கள். பிறகு 2024 பிப்ரவரியில், வானூர் வட்டம் திருச்சிற்றம்பலத்தில், சுமார் 31 கோடி ரூபாய் செலவில் 63,000 சதுர அடி மினி டைடல் பூங்கா திறக்கப்பட்டது. வேலை வீட்டுப் பக்கத்துக்கு வந்தது. வேலை நேரம் மட்டும் அமெரிக்காவிலேயே தங்கிவிட்டது.

இந்தத் தொழிலில் உடம்பைக் கெடுப்பதில் நாற்காலிக்கு இரண்டாம் இடம்தான், முதலிடம் கடிகாரத்துக்கு. நியூயார்க்கில் காலை 9 மணி என்றால் இங்கே மாலை 6.30. நவம்பர் முதல் ஞாயிறன்று அவர்கள் கடிகாரத்தைத் திருப்பி வைத்ததும் அது 7.30 ஆகிவிடும், மார்ச் இரண்டாம் ஞாயிறன்று மறுபடி 6.30. சான்பிரான்சிஸ்கோ வாடிக்கையாளர் என்றால் இரவு 9.30, குளிர்காலத்தில் 10.30. ஆக, வானூர் வட்டத்தில் ஒரு வீட்டின் ராச்சாப்பாட்டு நேரம் ஆண்டுக்கு இரு முறை வேறொரு நாட்டின் கணக்கில் நகர்கிறது. வாடிக்கையாளருடனான அழைப்பு முடிந்ததும் தூக்கம் வந்துவிடாது. அங்கே பேசியது தலைக்குள் இன்னும் ஒரு மணி நேரம் ஓடும். காலை 9.30-க்கு உள்ளூர்க் குழுவின் ஸ்டாண்ட்-அப் கூட்டம் காத்திருக்கும். கடலுக்குப் போகும் வீடாக இருந்தால் மற்றவர்கள் விடியுமுன் எழுந்துவிடுவார்கள். பகலில் தூங்கி ஈடுகட்டலாம் என்பதும் அங்கே நடவாது.

உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-இல் சேர்ந்து வெளியிட்ட மதிப்பீட்டின்படி, வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாத ஆபத்து 35 சதவீதமும், இதய ரத்தக்குழாய் நோயால் இறக்கும் ஆபத்து 17 சதவீதமும் அதிகம். வேலையால் மனம் தீய்ந்துபோவதை, அதாவது பர்ன் அவுட்டை, உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஏற்ற நோய் வகைப்பாட்டின் 11-ஆம் பதிப்பில் நோயாகச் சேர்க்கவில்லை. 'தொழில்சார் நிகழ்வு' என்றே வகுத்தது. ஆற்றல் வற்றிப்போன சோர்வு, வேலைமேல் வெறுப்பு, திறமை குறைந்துவிட்டதென்ற உணர்வு ஆகிய மூன்றும் அதன் அடையாளங்கள். இந்த வகைப்பாட்டில் ஒரு நியாயம் இருக்கிறது. காரணம் வேலையில் இருக்கும்போது மருந்தை மட்டும் ஆளுக்குக் கொடுப்பது பாதி வைத்தியம்.

மீதிப் பாதியைக் குழுதான் செய்யவேண்டும். ராத்திரி சர்வர் விழுந்தால் எழுந்து பார்க்கும் ஆன்-கால் முறையை ஆள் மாற்றி வைப்பது, இரவில் எழுப்பப்பட்டவரை மறுநாள் காலை விட்டுவிடுவது, தவறு நடந்தபின் ஆளைத் தேடாமல் காரணத்தைத் தேடுவது. கூகுள் பொறியாளர்கள் 2016-இல் வெளியிட்ட 'சைட் ரிலையபிலிட்டி இன்ஜினியரிங்' நூல், 12 மணி நேர ஆன்-கால் ஷிப்டுக்கு இரண்டு கோளாறுகளே உச்சவரம்பு என்கிறது. வாடிக்கையாளருக்குக் கட்டுப்பட்ட சிறிய குழுக்களில் அந்த வரம்பைக் கேட்கும் துணிவு மேலாளருக்கு வேண்டும்.

உடம்பின் பக்கம் சொல்லவேண்டியது குறைவு. திரையைப் பார்க்கும்போது கண் சிமிட்டுவது பாதிக்கும் கீழே குறையும். எரிச்சலும் வறட்சியும் அதனால்தான். 20 நிமிடத்துக்கு ஒருமுறை 20 அடி தள்ளி உள்ளதை 20 நொடி பார்க்கச் சொல்வார்கள். ஜன்னலுக்கு வெளியே ஒரு தென்னை இருந்தால் போதும். லேப்டாப்பில் திரையும் விசைப்பலகையும் ஒட்டியிருப்பது அதன் பிறவிக் கோளாறு: கைக்கு வசதியான உயரத்தில் வைத்தால் கழுத்து குனியும். நாலு தடித்த புத்தகத்தின் மேல் லேப்டாப்பை ஏற்றி, விசைப்பலகையும் மவுஸும் தனியாக வாங்கிக்கொள்வதுதான் மலிவான தீர்வு. பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிட மிதமான உடலுழைப்பு வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2020 பரிந்துரை.

நடக்கக் கடற்கரை இருக்கிறதே என்று வெளியூர்க்காரர் நினைக்கலாம். ஆனால் 1980-களின் பிற்பகுதியில் கட்டப்பட்ட புதுச்சேரித் துறைமுகம், கரையோரமாக வடக்கே நகரும் மணலைத் தடுத்துவிட்டது. அதன் வடக்கிலுள்ள ஊர்களில், பொம்மையார்பாளையத்திலும், கடல் அரித்த கரைக்குக் கல் கொட்டிக் காவல் போடவேண்டியதாயிற்று. பக்கத்திலேயே ஆரோவில்லின் க்வயட் ஹீலிங் சென்டர் நீர்வழிச் சிகிச்சைக்குப் பெயர்பெற்றது. யோகா வகுப்புகளுக்கும் குறைவில்லை. ஆனால் இரவு 9.30 அழைப்பில் உட்காரவேண்டியவருக்கு மாலை வகுப்பு எட்டாது.

சட்டம் இருக்கிறது. 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் நாளுக்கு 8, வாரத்துக்கு 48 மணி நேரம் என்கிறது. நாளெல்லாம் நிற்கும் கடைப் பணியாளர் உட்கார இருக்கை தரவேண்டும் என்று 2021-இல் அதே சட்டம் திருத்தப்பட்டது. எழுந்து நிற்க நேரம் கேட்கும் மென்பொருள்காரருக்கு அப்படியொரு பிரிவு இல்லை. தகவல் தொழில்நுட்ப ஊழியர்கள் சங்கம் அமைக்கலாம் என்று மாநில அரசு 2016-இல் தெளிவுபடுத்தியது, சேர்பவர்கள்தான் குறைவு.

மனநல மருத்துவத்துக்கு அருகிலுள்ள பெரிய இடங்கள் கோரிமேட்டின் ஜிப்மரும், முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும். உடல்நோய்க்குத் தரும் காப்பீட்டை மனநோய்க்கும் தரவேண்டும் என்பது 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் விதி. அதனால் அலுவலகக் குழுக் காப்பீட்டின் தாளை ஒருமுறை பிரித்துப் படித்து வைப்பது நல்லது. 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய டெலி மானஸ் உதவி எண் 14416. இலவசம், தமிழிலும் பேசலாம், 24 மணி நேரமும் இயங்குகிறது. இரவு 10.30 அழைப்பு முடிந்த பிறகும் அங்கே எடுத்துப் பேச ஆள் உண்டு.