மரக் கணக்கில் வராதவர்கள்

2018 நவம்பர் 16 விடியற்காலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையைக் கடந்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணி வட்டாரங்களில் தென்னை மரங்கள் லட்சக்கணக்கில் சாய்ந்தன. நிவாரண வேலைக்காக அங்கே போன நாங்கள் எல்லோரிடமும் முதலில் கேட்டது, "எத்தனை மரம் போச்சு?" என்றுதான். தோப்பு வைத்திருந்தவர்கள் எண்ணிக்கை சொன்னார்கள். சேரியில் ஓர் அக்கா, "எங்களுக்கு மரமே இல்லையே, நாங்க எதை எண்ணிச் சொல்றது?" என்று திருப்பிக் கேட்டார். அவர் மட்டை மில்லில் நார் காயப்போடும் கூலி. கேள்வியே தவறு என்று எங்களுக்கு அப்போதுதான் உறைத்தது.

தேங்காய் விளைச்சல் குறைந்தால் கொப்பரை விலையும் எண்ணெய் விலையும் ஏறுவது செய்தியாகிறது. ஏற்றுமதியாளருக்குச் சரக்கு கிடைக்காததும் செய்தியாகிறது. ஆனால் மரத்துக்கும் துறைமுகத்துக்கும் நடுவே பறிப்பவர், உரிப்பவர், கொப்பரை காயவைப்பவர், நார் அலசுபவர், கயிறு திரிப்பவர் என்று ஒரு நீண்ட வரிசை இருக்கிறது. காய் குறைந்தாலும் விலை ஏறுவதால் தோப்புக்காரருக்கு நட்டத்தில் ஒரு பகுதியாவது ஈடாகும். உரிப்பவருக்கோ காய் எண்ணிக்கைக்குத்தான் கூலி. காய் பாதியானால் கூலியும் பாதி. மில்லுக்கு மட்டை வராத நாளில் அடுப்பு எரியாது.

இது இன்று தொடங்கிய கதையல்ல. 1859இல் ஜேம்ஸ் டாரா என்பவர் ஆலப்புழையில் கயிறுத் தொழிற்சாலை தொடங்கினார். அங்கே நெய்த விரிப்புகள் கப்பலேறின. காயலில் மாதக்கணக்கில் ஊறிய மட்டையை அடித்து நார் எடுத்தவர்கள் ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள். 1922இல் அங்கே தொழிற்சங்கம் எழுந்தது. 1938இல் பெரும் வேலைநிறுத்தம் நடந்தது. ஆனால் மட்டை வரத்து சங்கத்தின் கையில் இல்லை. 1882 வெள்ளத்துக்குப் பிறகு கேரளத்தில் முதலில் கண்ட வேர் வாடல் நோய் மெல்லப் பரவியது. மட்டை வரத்தும் சுருங்கிக்கொண்டே வந்தது. முதலாளிகள் என்ன செய்தார்கள்? தமிழ்நாட்டிலிருந்து, குறிப்பாகப் பொள்ளாச்சிப் பக்கமிருந்து, இயந்திரத்தில் அடித்த நாரை வரவழைத்தார்கள். தொழில் பிழைத்தது. மட்டை அடித்த பெண்கள் வேலை இழந்தார்கள். மூலப்பொருள் தீர்ந்தால் மூலதனம் வேறு ஊருக்குப் போய்விடும். கூலிக்காரரால் அப்படிப் போக முடியாது.

இப்போது மறுபடியும் பேராவூரணிக்கு வருவோம். கஜாவுக்குப் பிறகு அரசு மரத்துக்கு 1,100 ரூபாய் அறிவித்தது: இழப்புக்கு 600, விழுந்த மரத்தை வெட்டி அகற்ற 500. மரத்துக்கு உரியவர் என்று காட்டுவதற்கு நிலம் வேண்டும். நெட்டை ரகக் கன்று காய்க்க ஆறேழு ஆண்டுகள் ஆகும். அத்தனை ஆண்டும் பறிப்பு இல்லை, உரிப்பு இல்லை. அந்த வேலைநாட்களை இந்த மரக்கணக்கில் எங்கே எழுதுவது?

நிலம் ஏன் நம்மிடம் இல்லை என்பதற்கும் வரலாறு உண்டு. செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்ஹீர் 1891இல் தந்த அறிக்கைக்குப் பிறகு, 1892 முதல் சென்னை மாகாணத்தில் பஞ்சமி நிலங்கள் ஒதுக்கப்பட்டன. அவற்றில் பெரும்பகுதி பிறர் கைக்குப் போய்விட்டது. தஞ்சையில் 1952இல் வந்த பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் கூலியைப் பற்றிப் பேசியது. நிலத்தை அது தரவில்லை. அன்று நிலம் கிடைக்காதவரின் பேரப்பிள்ளைக்கு 2018இல் விழுந்த மரத்துக்கு இழப்பீடும் கிடைக்கவில்லை.

நிலத்துக்கான போராட்டம் தொடரும். அதுவரை உடனே செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது, தோழர்களே. அடுத்த புயலோ நோயோ வரும்போது கணக்கெடுக்கப் போகும் மாணவர்கள் மரத்தோடு நிறுத்த வேண்டாம். இந்தச் சேரியில் எத்தனை பேர் தென்னையை நம்பிப் பிழைத்தார்கள், அவர்கள் இழந்த வேலைநாள் எத்தனை, கூலி எவ்வளவு என்று பெயர் பெயராக எழுதுங்கள். இழப்பீடு கேட்கும் மனுவில் அந்தக் கணக்கு முதல் பக்கத்தில் இருக்கட்டும். அந்த அக்காவுக்கு நாங்கள் கடன்பட்டிருக்கும் பதில் அதுதான்.