பெப்பர் என்ற பெயர் யாருக்குச் சொந்தம்?



மிளகை இங்கிலீஷில் 'பெப்பர்' என்கிறார்கள். மிளகு நம்ம மேற்கு மலைச் சரக்கு. அதனால் அந்தச் சொல்லும் மிளகோடு பிறந்ததாகத்தான் இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லைங்க, அது திப்பிலியின் பெயர்.

சுக்கு, மிளகு, திப்பிலி என்று வரிசையில் கடைசியாக நிற்குமே, அதே திப்பிலிதான். வடமொழியில் அதற்குப் பிப்பலி என்று பெயர். வணிகர்களோடு பாரசீகம் வழியாகப் போனபோது லகரம் ரகரமாகி, கிரேக்கரிடம் 'பெபெரி' ஆயிற்று. ரோமாபுரியில் 'பீப்பெர்'. அங்கிருந்து இங்கிலாந்து போய்ப் பெப்பர்.

அந்தக் காலத்தில் திப்பிலிக்கு இருந்த மவுசைக் கேளுங்க. கி.பி. 77 வாக்கில் பிளினி என்ற ரோமானியர் விலையை எழுதி வைத்திருக்கிறார். ஒரு ராத்தல் திப்பிலி 15 வெள்ளிக்காசு; கருமிளகு 4 காசுதான்! இரண்டும் காரம், இரண்டும் ஒரே குடும்பத்துக் கொடி, ஆகவே பெயரும் ஒன்றாகிவிட்டது. மலிவான மிளகுதான் கப்பல் கப்பலாகப் போனது. யவனர் முசிறிக்குப் பொன்னோடு வந்து மிளகு ஏற்றிப் போனதை அகநானூறு சொல்கிறது. (அன்றைக்கு மிளகுக்குக் 'கறி' என்று பெயர்.) 408-இல் ரோமை முற்றுகையிட்ட அலாரிக் கேட்ட பணயத்தில் 3,000 ராத்தல் மிளகும் உண்டு. பிற்பாடு ஐரோப்பிய அடுப்படியிலிருந்து திப்பிலி மறைந்தது; பெயர் மட்டும் மிளகிடம் தங்கிவிட்டது.

அதோடு முடிந்ததா? 1492-இல் மிளகு தேடி மேற்கே போன கொலம்பஸ், கரீபியன் தீவுகளில் மிளகாயைக் கண்டார். காரமாக இருந்ததால் அதையும் மிளகு வகையில் சேர்த்துவிட்டார். இங்கிலீஷ்காரரும் அதைப் பெப்பர் என்றார்கள். சிரிக்காதீங்க, போர்ச்சுகீசியர் கொண்டுவந்த அதே காயை நாம் என்ன சொன்னோம்? மிளகு காய், மிளகாய். உண்மையில் அது கத்தரி, தக்காளிக்குத்தான் பங்காளி. 1753-இல் லின்னேயஸ் மிளகையும் திப்பிலியையும் 'பைப்பர்' என்ற ஒரே பேரினத்தில் வைத்து, மிளகாயைக் 'கேப்சிகம்' என்று தனியே பிரித்தார்.

இதனால் நமக்கென்ன என்பீர்கள். வெளிநாட்டு விதைப் பட்டியலில் 'பெப்பர்' என்றிருந்தால் அது பெரும்பாலும் மிளகாய் அல்லது குடைமிளகாய். மிளகுக் கொடிக்கு மர நிழல் வேண்டும்; மிளகாய்க்கு நல்ல வெயில் வேண்டும். உரம், மருந்து சொல்லும் இங்கிலீஷ் கையேட்டைப் பார்க்கும்போதும் பைப்பரா, கேப்சிகமா என்று தாவரப் பெயரைப் பார்த்த பிறகு தெளிப்பானைத் தோளில் மாட்டுங்க.