கடைமடைக்கு எட்டாத பணம்: திருச்சித் துணைத்தொழில்களும் நடைமுறை மூலதனமும்

திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே முக்கொம்பில் காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிறது. பள்ளமான கொள்ளிடத்தின் பக்கமே நீர் ஓடிவிட, காவிரியின் தலைப்பு மணல் மேடிட்டுத் தஞ்சைப் பாசனம் தவித்த நிலையில், ஆர்தர் காட்டன் 1836இல் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையைக் கட்டினார். அதன்பின் காவிரிக்குள் வேண்டியதைவிட மிகுதியாக நீர் புகுந்ததால், அதன் தலைப்பையும் ஒழுங்குபடுத்த வேண்டியதாயிற்று. ஆற்றில் வரும் நீரின் அளவை அந்த அணை கூட்டவில்லை. எந்த நீர் எப்போது எங்கே போய்ச் சேர்கிறது என்பதை மட்டுமே மாற்றியது. இதே வட்டாரத்தின் தொழில் வரலாற்றில் பணத்தின் போக்கை ஆராயும்போதும் இந்த உண்மையே தென்படுகிறது.

கட்டடம், இயந்திரம் முதலியவற்றில் நிலையாக முடங்கும் முதலைத் தவிர்த்து, மூலப்பொருள் வாங்கவும் கூலி கொடுக்கவும் கடனுக்கு விற்ற சரக்கின் பணம் திரும்பும்வரை தாக்குப்பிடிக்கவும் தேவைப்படும் முதலே நடைமுறை மூலதனம் எனப்படுகிறது. கணக்கியலில் நடப்புச் சொத்துகளிலிருந்து நடப்புப் பொறுப்புகளைக் கழித்துக் கிடைப்பது இது. கடைத்தெருவில் இதனை ‘ரொட்டேஷன்’, அதாவது சுழல் பணம், என்பர். சரக்கு இருப்பில் கிடக்கும் நாட்களோடு விற்ற பணம் வசூலாகும் நாட்களைக் கூட்டி, கொள்முதலுக்குப் பணம் தரக் கிடைக்கும் தவணை நாட்களைக் கழித்தால் வருவது பணச் சுழற்சிக் காலம். ஒரே தொழிலில் ஒரே விலைக்கு விற்கும் இரு நிறுவனங்களுள் இந்தக் காலம் குறுகியதே குறைந்த கடனில் மிகுதியான வேலையை எடுக்க முடிகிறது என்பதால், இது போட்டித்திறனின் ஓர் ஊற்றாகிறது.

ஆலைகள் பெருகுவதற்கு முன் காவிரிக் கரையின் சுழல் பணம் அறுவடையோடு கட்டுண்டிருந்தது. 1930இல் அறிக்கை அளித்த சென்னை மாகாண வங்கி விசாரணைக் குழு, நாட்டுக்கோட்டை நகரத்தார், முல்தானியர், கல்லிடைக்குறிச்சி பிராமணர் ஆகியோரின் கடன் தொழிலை விரிவாகப் பதிவு செய்தது. வணிகர் எழுதித்தரும் உண்டியலை, அதாவது குறித்த நாளில் பணம் தருவதாக எழுதிய சீட்டை, முல்தானியர் வட்டியை முன்பே கழித்துக்கொண்டு வாங்கினர். தவணை முடியும்வரை காத்திராமல் வணிகர் அடுத்த கொள்முதலுக்குப் போக முடிந்தது. இன்றைய பில் தள்ளுபடியின் கரு இதுவே.

1960களில் திருவெறும்பூரில் செக்கோஸ்லோவாக்கிய உதவியுடன் நிறுவப்பட்ட உயரழுத்தக் கொதிகலன் ஆலை 1965இல் உற்பத்தியைத் தொடங்கியபோது நிலைமை முற்றிலும் மாறியது. பெல் நிறுவனத்தின் இந்த ஆலையைச் சுற்றித் துவாக்குடி, மாத்தூர், வாழவந்தான்கோட்டை எனப் பல இடங்களில் நூற்றுக்கணக்கான பேப்ரிகேஷன் பட்டறைகள் எழுந்தன. தகடும் குழாயும் பெரிய ஆலையிலிருந்தே வரும். வெட்டி, வளைத்து, வெல்டிங் செய்து திருப்பி அனுப்பும் பட்டறைக்கு டன் கணக்கில் கூலி கிடைக்கும். விலையுயர்ந்த மூலப்பொருளுக்குச் சொந்தப் பணம் போட வேண்டியதில்லை என்பதால், சிறு முதலோடு வந்த முதல் தலைமுறைத் தொழில்முனைவோரும் இத்தொழிலில் காலூன்ற முடிந்தது. அவர்களது சுழல் பணம் கூலியிலும் வாயு உருளையிலும் வெல்டிங் ராடிலும் மின்கட்டணத்திலும் மட்டுமே முடங்கியது.

எல்லாப் பட்டறைகளிலும் ஏறத்தாழ ஒரே வகை இயந்திரங்களே இருந்தமையால், முந்தியவரையும் பிந்தியவரையும் பிரித்தது வேறொன்று. கொதிகலன் தகடு ஒவ்வொன்றின் மேலும் அது எந்த உருக்கில் வார்க்கப்பட்டது என்பதைக் காட்டும் ‘ஹீட் நம்பர்’ பொறிக்கப்பட்டிருக்கும். தகட்டை வெட்டுமுன் அந்த எண்ணை வெட்டப்படும் துண்டிலும் பொறித்துவிட வேண்டும். அது விடுபட்டால் துண்டின் பிறப்பை நிறுவ முடியாது. ஆய்வாளர் ஒப்பமாட்டார், சரக்கு முற்றத்திலேயே கிடக்கும், பில் போட வழியில்லை. சுத்தியலால் இரண்டு நிமிடத்தில் பொறிக்க வேண்டிய எண் விடுபட்டதனால் வாரக்கணக்கில் பணம் முடங்குகிறது. நடைமுறை மூலதன மேலாண்மையை வங்கி மேலாளரின் அறையோடு மட்டும் பொருத்திப் பார்க்கும் பாடநூல்கள், பட்டறைத் தரையில் நிகழும் இப்பகுதியைக் கவனிப்பதில்லை.

வங்கிகளின் அளவுகோலும் இக்காலத்தில் மாறிவந்தது. பிரகாஷ் டாண்டன் தலைமையில் 1974இல் அமைந்த குழு, ஈட்டின் மதிப்பை மட்டும் பார்த்துக் கடன் தரும் பழக்கத்தைக் கைவிட்டு, முக்கியத் தொழில்களுக்கு எத்தனை மாத இருப்பும் வசூல் பாக்கியும் நியாயமானவை என வரையறுத்தது. 1991இல் அமைந்த நாயக் குழு சிறுதொழிலுக்கு எளிய விதியைத் தந்தது: ஆண்டு விற்றுமுதலில் 25 விழுக்காடு சுழல் பணமாகத் தேவை எனக் கொண்டு, அதில் 20 விழுக்காட்டை வங்கியும் 5 விழுக்காட்டை உரிமையாளரும் ஏற்க வேண்டும். பணம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை திரும்பும் என்பதே இதன் அடிப்படை.

அந்த அடிப்படை பிசகினால் நேர்வதை ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கில் காணலாம். மாதம் 10 லட்சம் ரூபாய்க்குக் கூலிவேலை செய்யும் பட்டறைக்கு வங்கி 24 லட்சமும் உரிமையாளர் 6 லட்சமும் ஆக 30 லட்சம் கிடைக்கும். பில் 45 நாளில் வசூலானால் 15 லட்சம் மட்டுமே முடங்கும்; மீதியைக் கொண்டு புதிய வேலையை ஏற்கலாம். 120 நாளானால் 40 லட்சம் முடங்கி, 10 லட்சம் துண்டு விழும். இரண்டு நிலைக்கும் இடைப்பட்ட 25 லட்சத்துக்கு 12 விழுக்காடு வட்டி ஆண்டுக்கு 3 லட்சம், அதாவது விற்றுமுதலில் இரண்டரை விழுக்காடு. துண்டு விழுந்ததைத் தனியாரிடம் வாங்கினால் இந்தச் சுமை இன்னும் ஏறும். இதனிடையே பில்லுக்குரிய ஜி.எஸ்.டி.யையும், பணம் வந்தாலும் வராவிட்டாலும், அடுத்த மாதமே கட்டியாக வேண்டும்.

2010களில் நாடெங்கும் அனல்மின் நிலையங்களுக்கான ஆர்டர் சுருங்கியபோது, ஒரே வாங்குபவரை நம்பிய பட்டறைகள் கடுமையாக அடிபட்டன. காற்றாலைக் கோபுரம், சர்க்கரை, சிமெண்ட் ஆலைகளுக்கான வேலை என மாறியவர்களுக்கு மூலப்பொருளைத் தாமே வாங்கும் தேவை வந்ததால் சுழல் பணத்தின் தேவை பல மடங்காயிற்று. இலவசத் தகடு தந்த பழைய வசதி அவர்களை அதற்குப் பழக்கியிருக்கவில்லை.

உலக அரங்கில் டெல் நிறுவனம் வாடிக்கையாளரிடம் முதலில் பணம் பெற்று, உதிரிபாகம் தந்தவர்களுக்குப் பின்னர் கொடுத்து வளர்ந்ததை மேலாண்மை நூல்கள் பாராட்டுகின்றன. ஆனால் மேல்மடையில் நீட்டிக்கப்படும் ஒவ்வொரு தவணை நாளும் கடைமடையில் வசூலாகாத ஒரு நாளாகவே வந்து விடிகிறது. டொயோட்டா செய்ததுபோல் வேலையின் ஓட்டத்தைச் சீராக்கி இருப்பைக் குறைப்பது உண்மையான திறன்; பிறர் பணத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதைத் திறன் என்று கொள்வது தவறு. துணைத்தொழில் நலிந்தால் அடுத்த ஆர்டரில் பெரிய ஆலைக்கே காலதாமதம் நேர்கிறது என்பதால், அது நிலைத்த ஆதாயமும் அன்று.

சட்டம் இதை மெல்ல உணர்ந்தது. தாமதமான பணத்துக்கு வட்டி கோரும் உரிமையை 1993ஆம் ஆண்டுச் சட்டம் சிறுதொழிலுக்கும் துணைத்தொழிலுக்கும் அளித்தது. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம் கெடுவை 45 நாளுக்கு மேற்போகாமல் வரையறுத்து, ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தின் மூன்று மடங்கு கூட்டுவட்டியை விதித்தது. சிறு தொழிலின் பில்லை வங்கிகள் ஏலத்தில் எடுத்துத் தள்ளுபடி செய்யும் ‘ட்ரெட்ஸ்’ மின்தளங்கள் 2017இல் இயங்கத் தொடங்கியபோது, முல்தானியரின் உண்டியல் முறை கணினிக்கு வந்து சேர்ந்தது. குறு, சிறு நிறுவனங்களுக்குக் கெடுவுக்குள் தராத பாக்கியை அந்த ஆண்டின் செலவாகக் கழிக்க முடியாது என்ற வருமானவரி விதி 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது.

எனினும், ஒரே வாங்குபவரை நம்பி வாழும் பட்டறை அவர்மீது முறையிடத் துணிவதில்லை. கேட்காமல் கிடைக்கும் பாதுகாப்பே அதற்குத் தேவை. அதன் தொடக்கம் தேதியில் இருக்கிறது. சரக்கு சேர்ந்த 15 நாளுக்குள் வாங்குபவர் எழுத்து மூலம் குறை சொல்லாவிட்டால், சேர்ந்த நாளையே ஏற்றுக்கொண்ட நாளாக 2006ஆம் ஆண்டுச் சட்டம் கருதுகிறது. ஆகவே டெலிவரி சலானில் தேதியோடு கையொப்பம் பெறாமல் எந்தப் பட்டறையும் சரக்கை இறக்கலாகாது.