பின்கதவில் யார் உட்காரலாம்? 'கோளாறு' என்ற சொல்லின் வரலாறு குறித்து

ஒரு சாமான் உடைந்தால் நாம் முதலில் கேட்பது 'எப்படி உடைந்தது?' என்றல்ல, 'யார் உடைத்தது?' என்றுதான். வீட்டில் டம்ளர் உடைந்தாலும் சரி, பட்டறையில் மெஷின் உடைந்தாலும் சரி, கேள்வி இதேதான். இந்தக் கேள்விக்குள்ளேயே தீர்ப்பும் இருக்கிறது. கையாண்டவன் குற்றவாளி. செய்து விற்றவனின் பெயர் பேச்சிலேயே வராது. இந்தக் கேள்வியைச் சட்டத்தால் எவ்வளவு தூரம் திருப்பிப்போட முடிந்தது என்று பார்ப்பதற்கு, அமெரிக்காவின் பிக்கப் வண்டியை, குறிப்பாக அதன் பின்கதவை எடுத்துக்கொள்கிறேன். அற்பமான விஷயம்போலத் தெரியலாம். அதனால்தான் எடுத்துக்கொள்கிறேன்.

பிக்கப்பின் பின்னால் சரக்கு ஏற்றத் திறந்த தொட்டி. அதன் கடைசியில் கீழ்நோக்கித் திறக்கும் ஒரு பலகை, டெயில்கேட். திறந்தால் இரண்டு பக்கமும் கம்பி வடங்கள் தாங்க, பெஞ்சு மாதிரி நிற்கும். பெஞ்சு மாதிரி நின்றால் மனிதன் சும்மா விடுவானா? அதில் உட்கார்ந்து சாப்பிடுகிறான், ஏறி நின்று மூட்டை இறக்குகிறான், அதையே வேலை மேசையாக்குகிறான். ஃபுட்பால் மைதானங்களுக்கு வெளியே அதைத் திறந்துபோட்டு விருந்து வைப்பதற்கு 'டெயில்கேட்டிங்' என்று பெயரே உண்டு. செய்தவன் நினைத்த அர்த்தம் ஒன்று, பயன்படுத்துகிறவன் கண்டுபிடித்த அர்த்தம் வேறொன்று. பிரதியும் வாசகனும் பற்றி நாம் நிறையப் பேசியாயிற்று. ஆனால் ஒரு பிரதியை மாற்றி வாசித்தால் யாருக்கும் அடிபடுவதில்லை. இங்கே அடிபடும்.

பட்டது. 2004 மார்ச்சில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி சுமார் 40 லட்சம் பிக்கப்புகளைத் திரும்ப அழைத்தது. பின்கதவைத் தாங்கிய கம்பி வடங்கள் துருப்பிடித்து அறுந்துகொண்டிருந்தன. 134 பேருக்குக் காயம், பெரும்பாலும் சிறு காயம். துருப்பிடிக்காத எஃகு வடங்களைக் கம்பெனி தன் செலவில் மாற்றித் தந்தது.

இதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். 'பின்கதவு உட்காருவதற்கல்ல, ஏறியது உங்கள் தப்பு' என்று ஏன் கைகழுவ முடியவில்லை என்பதுதான் என் கேள்வி. அதற்கு நாற்பது வருஷம் பின்னால் போகவேண்டும்.

1960களின் தொடக்கம்வரை அமெரிக்காவில் கார் விபத்து பற்றிய சொல்லாடல் முழுக்க ஓட்டுபவனைச் சுற்றியே இருந்தது. கவனமில்லாதவன், குடிகாரன், ஓட்டத் தெரியாதவன் என்று. வண்டி விசாரணைக்கு வெளியே நின்றது. 1965இல் ரால்ஃப் நாடர் தன் புத்தகத்தில் வண்டியின் வடிவமைப்பையே குற்றக்கூண்டில் ஏற்றினார். அவரை வேவு பார்க்க ஜெனரல் மோட்டார்ஸ் துப்பறிவாளர்களை அமர்த்தியது அம்பலமானது. 1966 மார்ச்சில் அதன் தலைவர் செனட் துணைக்குழு முன் மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் வாகனப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஆனால் அந்தச் சட்டம் கம்பெனியிடம் கேட்டது ஒரு கடிதம் மட்டும்தான். 'உங்கள் வண்டியில் கோளாறு' என்று சொல்லிவிட்டால் போதும். இலவசமாகச் சரிசெய்யும் கடமை 1974 திருத்தத்தில்தான் வந்தது. 'திரும்ப அழைத்தல்' கம்பெனிகளின் பெருந்தன்மை அல்ல, அவர்களிடமிருந்து பிடுங்கப்பட்டது என்பதை இங்கே குறித்துக்கொள்வோம்.

சரி, கோளாறு என்றால் என்ன? அதை யார் சொல்வது? சட்டத்தின் உண்மையான சண்டை இந்தச் சொல்லின் மேல்தான் நடந்தது. அந்தச் சண்டைக்குக் காரணமும் பிக்கப்தான். 1960 முதல் 1965 வரை விற்ற, முக்கால் டன் வகையைச் சேர்ந்த சுமார் 2 லட்சம் பிக்கப்புகளில் சக்கரங்கள் உடைந்தன. மேலே கூண்டு வீடு கட்டிய வண்டிகளுக்கு மட்டும் சக்கரம் மாற்றித்தர ஜெனரல் மோட்டார்ஸ் சம்மதித்தது. மற்ற வண்டிகள் விஷயத்தில் அதன் வாதம்: சக்கரத்தில் கோளாறில்லை, அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றினார்கள்.

1975இல் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் இதைப் பரிசீலித்தது. வழக்கின் முடிவைவிட அதில் வந்த வரையறை முக்கியம். வழக்கமான உபயோகத்தில் ஒரு பாகம் கணிசமான எண்ணிக்கையில் உடைந்தால் அது கோளாறு. அந்த உபயோகத்தில், ஜனங்கள் இப்படியெல்லாம் செய்வார்கள் என்று முன்கூட்டியே எதிர்பார்க்கக்கூடிய முறைகேடான உபயோகமும் அடங்கும். பிக்கப்பில் கூடுதலாக நாலு மூட்டை ஏற்றுவார்கள் என்பது செய்தவனுக்குத் தெரியாதா என்ன? தெரியும் என்றால் அதற்கும் அவன்தான் பொறுப்பு. இயல்பு எது, பிறழ்வு எது என்று வகுக்கும் அதிகாரம் பற்றி ஃபூக்கோ வழியாக நாம் படித்திருக்கிறோம். இங்கே அந்தக் கோடு, ஒரு சிறிய அளவுக்கேனும், பாரம் சுமப்பவன் பக்கமாக நகர்ந்தது. பின்கதவில் உட்கார்ந்தவனுக்கும் சட்டத்தில் இடம் கிடைத்தது இப்படித்தான். கோளாறு இரும்பில் மட்டும் இருப்பதில்லை. யாருடைய உபயோகத்தை 'வழக்கம்' என்று எண்ணுகிறோம் என்பதிலும் இருக்கிறது.

அதே வரையறை ஒரு சந்தையும் விட்டுவைத்தது. வயதாலும் தேய்மானத்தாலும் வரும் பழுது கோளாறல்ல. துரு எந்தக் கணக்கில் சேரும்? நாலைந்து வருஷத்தில் அறுந்தால் கோளாறு, இருபது வருஷத்தில் அறுந்தால் தேய்மானம். நடுவில் எங்கே கோடு போடுவது என்று ஒவ்வொரு முறையும் வாதாடவேண்டும்.

இப்போது பின்கதவுக்குப் பூட்டும் சுவிட்சும் மின்சாரத்தில். கோளாறும் அங்கே போய்விட்டது. 2018இல் 11 லட்சத்துக்கும் மேற்பட்ட ராம் பிக்கப்புகள், பூட்டுக்குள் ஒரு சிறு துண்டு உடைந்து கதவு தானாகத் திறந்துகொள்ளலாம் என்பதால். 2019இல் சுமார் 2,61,000 ஃபோர்டு வண்டிகள், 2024இல் சுமார் 3,23,000 ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகள், தண்ணீர் இறங்கி மின்கசிவு ஏற்படலாம் என்பதால். ஓடும் வண்டியில் கதவு திறந்தால் சரக்கு விழுவது பின்னால் வருகிறவன் முன்னால். அவன் அந்த வண்டியை வாங்கவுமில்லை, 'தவறாக' உபயோகிக்கவுமில்லை.

ஆக எல்லாம் சரியாகிவிட்டதா? இல்லை. 1966 சட்டம் கடிதம் அனுப்பச் சொன்னது முக்கியமாக முதலில் வாங்கியவருக்கு. பிறகு பதிவேட்டைப் பார்த்து இப்போதைய உரிமையாளருக்கும் அனுப்புகிறார்கள். என்றாலும் பழைய வண்டிகளில் பழுது பார்க்கப்படும் விகிதம் குறைவாகவே இருக்கிறது. இலவசப் பழுதுக்கான காலவரம்பு 1974இல் 8 ஆண்டு, 2000இல் 10, 2015இல் 15 என்று நீண்டிருக்கிறது. அதற்கும் முன் விற்ற வண்டியில் இன்று கோளாறு கண்டுபிடிக்கப்பட்டால் இலவசமாகச் சரிசெய்யும் கட்டாயமில்லை. பெரிய வாடகைக் கார் கம்பெனிகள் சரிசெய்யாத வண்டியை வாடகைக்கு விட 2015 சட்டம் தடைபோட்டது. ஆனால் பழைய கார் வியாபாரி அதே வண்டியை அப்படியே விற்பதை மத்தியச் சட்டம் இன்னும் தடுக்கவில்லை. பழைய வண்டியை யார் வாங்குவார்கள் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

'ரீகால்' என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் திரும்ப அழைப்பது என்றும் நினைவுகூர்வது என்றும் இரண்டு பொருள். சட்டத்தின் நினைவில் முதலில் வாங்கியவர் தெளிவாக இருக்கிறார், மூன்றாவதாக வாங்கியவர் மங்கலாக இருக்கிறார். துருப்பிடித்த பின்கதவில் மூட்டையோடு ஏறி நிற்பவர் பெரும்பாலும் அந்த மூன்றாமவர். அவர் விழுந்தால் கேள்வி பழையபடிதான் வரும்: யார் உடைத்தது?