சில்லு சிறுத்ததும் பெருத்ததும்

மோட்டார் வண்டி வாங்க வருவோர் இயந்திரத்தின் வலுவை விசாரிப்பர். எண்ணெய்ச் செலவை விசாரிப்பர். இருக்கையின் மெத்தையைக் கையால் அமுக்கியும் பார்ப்பர். சில்லின் அளவை விசாரிப்போர் சிலரே. அச்சிலரும் பெரும்பாலும் அழகு கருதியே விசாரிக்கின்றனர். ஆனால், வண்டியில் ஏறி அமர்ந்தவரின் முதுகெலும்பு குலுங்குவதும் குலுங்காதிருப்பதும், வளைவிலே வண்டி சொற்கேட்டுத் திரும்புவதும் திரும்பாதிருப்பதும் இச்சில்லின் அளவைப் பெரிதும் பொறுத்தவை. மோட்டார் வண்டி தோன்றிய காலந்தொட்டு ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் அதன் சில்லு சிறுத்துக்கொண்டே வந்தது. அதன்பின் பெருக்கத் தொடங்கி இன்றும் பெருத்துக்கொண்டே போகின்றது. ஏன் சிறுத்தது, ஏன் பெருத்தது என்று இன்று சற்றே ஆராய்வோம், நேயர்களே.

ஆதியிற் சில்லு பெரிதாயிருந்தமைக்குக் காரணம் தெருதான். காற்றடைத்த ரயர் இல்லாத காலத்திலே குழியை வெல்வதற்கு இருந்த எளிய வழி சில்லின் விட்டத்தைக் கூட்டுவதே. இதனைக் கணக்கிட்டே காணலாம். தெருவில் 8 அங்குல அகலமான ஆழக் குழியொன்று உண்டென்றும், சில்லு சற்றும் நெகிழாத விறைப்புடையதென்றும் கொள்வோம். 5 அடி விட்டமுள்ள மாட்டுவண்டிச் சில்லு அக்குழியைக் கடக்கையில் ஏறக்குறையக் கால் அங்குலமே கீழிறங்கும். 30 அங்குல விட்டமுள்ள சில்லு அரை அங்குலத்துக்குச் சற்று மேலாக இறங்கும். 20 அங்குலச் சில்லோ முக்கால் அங்குலத்துக்கும் மேலாக இறங்கிவிடும். குழி மாறவில்லை, அதன் அடி மாத்திரம் மும்மடங்காகின்றது. வண்டித் தச்சர் கேத்திரகணிதம் படியாமலே இவ்வுண்மையை அறிந்திருந்தனர்.

சில்லுக்குக் காற்றை மெத்தையாக்கும் எண்ணம் றொபேட் வில்லியம் தொம்சன் என்ற ஸ்கொத்லாந்துப் பொறியியலாளருக்கு முதலில் உதித்தது. அவர் 1845இல் அதற்குக் காப்புரிமை பெற்று, 1847இல் இலண்டன் றீஜென்ற் பூங்காவிலே குதிரை வண்டிகளிற் பூட்டி ஓட்டியும் காட்டினார். காலம் கனியவில்லை, உலகம் அதனை மறந்தது. 1888இல் பெல்பாஸ்ற் நகரத்து மிருக வைத்தியரான ஜோன் போய்ட் டன்லப், தம் மகனுடைய முச்சக்கரச் சைக்கிளுக்காகச் செய்து பார்த்த காற்று ரயருக்குக் காப்புரிமை பெற்றார். பழைய பத்திரம் வெளிப்பட்டதும் அவ்வுரிமை செல்லாதாயிற்று. ஆயினும் டன்லப்பின் பெயரே நிலைத்தது. தொம்சனை இன்று அறிந்தவர் எத்தனை பேர்? 1895இல் பாரிஸிலிருந்து போர்தோ சென்று மீளும் ஏறத்தாழ 1,200 கிலோமீற்றர்ப் பந்தயத்திலே, அந்திரே, எதுவார் என்ற மிஷெலின் சகோதரர் காற்று ரயர் பூட்டிய மோட்டார் வண்டியொன்றை ஓட்டினர். வண்டியின் பெயர் மின்னல் எனப் பொருள்படும் 'எக்லேர்'. ரயர் ஓட்டையாகி ஓட்டையாகி அது மின்னலாக ஓடவில்லை. குறித்த நேரத்துள் வந்து சேரவுமில்லை. ஆயினும் முழுத் தூரத்தையும் ஓடி முடித்தது.

அந்த ரயருக்கு வேண்டிய இறப்பரின் கதையில் இலங்கைக்கும் பங்குண்டு. ஹென்றி விக்கம் பிரேசில் நாட்டிலிருந்து கொணர்ந்த விதைகள் 1876இல் இலண்டனிலுள்ள கியூ தாவரத் தோட்டத்தில் முளைத்தன. அவ்வாண்டிலேயே சுமார் 1,900 நாற்றுக்கள் கப்பலேறி இலங்கை வந்தன. அவற்றுக்கெனக் கம்பஹாவைச் சேர்ந்த ஹெனரத்கொடையில் ஒரு தோட்டம் அமைந்தது. அங்கிருந்து பரவிய மரத்தின் பாலில்லையேல், பின்னர் நாம் காணப்போகும் தடித்த ரயர்கள் அத்துணை மலிவாகக் கிடைத்திரா.

இனி, அளவின் கதைக்கு வருவோம். 1908இல் வெளிவந்த போர்ட் 'ரீ' வண்டியின் முன் ரயர் 30க்கு 3 அங்குலம். பின் ரயர் 30க்கு மூன்றரை அங்குலம். 30 என்பது சில்லின் வெளி விட்டம். 3 என்பது ரயரின் பருமன். ஆகவே உள்ளிருக்கும் றிம் 24 அங்குலம். இறங்கும் அடியைத் தாங்குதற்கு இருந்த காற்றின் உயரமோ 3 அங்குலத்துக்கும் குறைவு. அம்மெல்லிய ரயர் வண்டியின் பாரத்தைச் சுமக்க வேண்டுமாயின், காற்றைக் கல்லாக இறுகும்படி அடைக்க வேண்டும். கல்லாக இறுகிய காற்று மெத்தையாகுமா? 1923இல் அமெரிக்காவின் பயர்ஸ்ரோன் கம்பனி 'பலூன்' ரயரை வெளியிட்டது. ரயர் பருத்தது, உள்ளே அடைக்கும் அமுக்கம் வெகுவாகக் குறைந்தது. போர்ட் 'ரீ' வண்டியும் தன் கடைசிக் காலத்தில் 21 அங்குல றிம்முக்கும் 4.40 அங்குல ரயருக்கும் மாறிற்று. அதன் வெளி விட்டத்தைக் கூட்டிப் பாருங்கள்: மீண்டும் ஏறத்தாழ 30 அங்குலமே வருகின்றது! சில்லு உண்மையிற் சிறுக்கவில்லை. அதனுள்ளே இரும்பு சிறுத்துக் காற்றுப் பெருத்தது. பின்வரும் வரலாறு முழுவதும் காற்றுக்கும் இரும்புக்கும் இடையே நடந்த இவ்வெல்லைத் தகராறேயாகும்.

1930களில் றிம் 17 அங்குலம், 16 அங்குலம் என இறங்கிற்று. 1948 ஒக்டோபர் மாதத்திலே, பாரிஸ் கண்காட்சியில் ஒன்றும் இலண்டன் கண்காட்சியில் ஒன்றுமாக இரு புதிய சிறு வண்டிகள் வெளிவந்தன. பாரிஸில் வந்தது சித்திரோன் 2சீவீ. உழுத வயலின் குறுக்கே ஓட்டினாலும் கூடையிலுள்ள முட்டை உடையலாகாது என்பது அதனை வடித்தவர்களுக்கு இடப்பட்ட கட்டளை. அவர்கள் 400 மில்லிமீற்றர், அதாவது பதினைந்தே முக்கால் அங்குல, றிம்மையும் 125 மில்லிமீற்றர் அகலமேயுள்ள ஒடுங்கிய ரயரையும் வெகு நெகிழ்வான வில்லுக்களையும் தேர்ந்தனர். வளைவிலே அவ்வண்டி காற்றில் அகப்பட்ட தோணிபோற் சாய்ந்தது, முட்டையோ உடையவில்லை. இலண்டனில் வந்தது மொரிஸ் மைனர். அதன் பெயர் எம்மவர்க்குப் புதிதன்று. நம் தெருக்களில் அது இன்றும் ஆங்காங்கே ஓடுகின்றது. அதனை வடித்த அலெக் இசிகோனிஸ் 14 அங்குல றிம்மைத் தேர்ந்தார். அதனைக் கண்டோர் அக்காலத்தில் மிகச் சிறிதென வியந்தனர்.

இசிகோனிஸ் சிறிய சில்லை விரும்பியமைக்கு இரு காரணங்கள். முதலாவது, வண்டிக்குள் சில்லு உண்ணும் இடம் குறையும். மற்றையது சற்று நுட்பமானது. சில்லும் ரயரும் பிறேக்கும் வில்லுக்குக் கீழே தொங்கும் பாரங்கள். மேட்டில் மோதியதும் அவை மேலெழும். பாரம் மிகுந்ததாயின் மீண்டும் தெருவைத் தொடத் தாமதிக்கும். தெருவைத் தொடாத சில்லு வண்டியைத் திருப்பவும் மாட்டாது, நிறுத்தவும் மாட்டாது. ஆகவே இலேசான சில்லு பயணிக்குச் சுகம், சாரதிக்குப் பாதுகாப்பு. மொரிஸ் மைனரின் திசைதிருப்பும் திறனை அக்காலத்தார் பாராட்டியதற்கு முன்சில்லுகளின் தனித்தனி வில்லமைப்பும் காரணம்; சில்லைக் கொண்டே எல்லாம் நடந்ததென்று சொல்வது மிகையாகும்.

1956இல் சுயஸ் கால்வாய் நெருக்கடியினாற் பெற்றோலுக்குத் தட்டுப்பாடு வந்தது. அதனையடுத்து, பிரித்தானிய மோட்டார்க் கூட்டுத்தாபனத்தின் தலைவர் லெனார்ட் லோர்ட், சிறிய வண்டியொன்றை விரைந்து வடிக்குமாறு இசிகோனிஸைப் பணித்தார். 1959 ஓகஸ்ற் மாதம் வெளிவந்த மினி சற்றேறக்குறைய 10 அடி நீளமே. அதற்குள் வளர்ந்தோர் நால்வர் அமரலாம். அவ்விடத்தை மீட்டுத் தந்தவற்றுள் ஒன்று 10 அங்குல றிம். அத்தகைய ரயர் வேண்டுமென டன்லப் கம்பனியிடம் இசிகோனிஸ் கேட்டபோது, இரு கைகளையும் விரித்து அளவு காட்டினார் என்றும், ஒருவர் அந்த இடைவெளியை அளந்தபோது 10 அங்குலம் இருந்ததென்றும் சொல்வர். வழமையான வில்லுக்கு அங்கே இடமில்லாமையால், அலெக் மோல்ற்றன் வகுத்த இறப்பர்க் கூம்புகளே வில்லாயின.

விளைவு இருவகைத்து. வளைவிலே மினிக்கு நிகரில்லை. 1964, 1965, 1967 ஆகிய ஆண்டுகளில் மொன்ரி கார்லோ பந்தயத்தை அச்சிறு சில்லுகளே வென்றன. பின்னிருக்கையில் அமர்ந்தவரிடம் கேட்டால் வேறு கதை சொல்லியிருப்பர். நாம் முன்னர் கண்ட கணக்கின்படி, ஏறத்தாழ 20 அங்குல வெளி விட்டமுள்ள சில்லு ஒவ்வொரு குழியிலும் ஆழ இறங்கும். 1964இல் நீரும் இறப்பரும் சேர்ந்த 'ஹைட்ரோலாஸ்ரிக்' அமைப்பைப் பூட்டி இதனைத் தணிக்க முயன்றனர். சில ஆண்டுகளின்பின் மீண்டும் கூம்புக்கே திரும்பினர். வேறொரு சங்கடமும் இருந்தது. சில்லுக்குள்ளேதான் பிறேக் அடங்க வேண்டும். 10 அங்குல றிம்முக்குள் அடங்கும் பிறேக் எவ்வளவு பெரிதாயிருக்க முடியும்? 1961இல் மினி கூப்பருக்குக் கிடைத்த டிஸ்க் பிறேக்கின் விட்டம் 7 அங்குலமே. 1984இல் எல்லா மினிகளுக்கும் முன்சில்லிற் பெரிய டிஸ்க் பிறேக் பூட்டியபோது றிம்மும் 12 அங்குலமாயிற்று. இரும்பு இதற்குமேற் சிறுக்க இயலாதென்ற எல்லையை மினி தொட்டுக் காட்டிவிட்டது.

ஏற்றம் அதற்கு முன்னரே தொடங்கிவிட்டது. 1949இல் மிஷெலின் விற்பனைக்குக் கொணர்ந்த றேடியல் ரயர், பக்கம் நெகிழ்ந்தும் தெருவைத் தொடும் பட்டை உறுதியாயும் இருந்தது. வேகம் கூடக் கூட, வளைவில் ரயரின் உயர்ந்த பக்கம் முறுகுவது குறையெனப்பட்டது. 1970களின் நடுப்பகுதியில் பிரெல்லி கம்பனியின் 'பீ 7' ரயர், அகலத்தின் பாதியளவே உயரமான பக்கத்துடன் போர்ஷே வண்டிகளுக்கு வந்தது. வேகத்துக்கேற்ற பெரிய பிறேக்கும் வேண்டியிருந்தது. பக்கம் குறைந்தது, றிம் வளர்ந்தது.

இன்றைய ரயரின் பக்கத்திற் பொறித்த எண்கள் இக்கதையின் கணக்கேடு. 195/65 ஆர் 15 என்றால், அகலம் 195 மில்லிமீற்றர், பக்கத்தின் உயரம் அதன் நூற்றுக்கு 65 பங்கு, றிம் 15 அங்குலம். பக்கம் 127 மில்லிமீற்றர் வருகின்றது. அதே வண்டிக்கு 205/55 ஆர் 16 பூட்டினால் பக்கம் 113. 225/45 ஆர் 17 பூட்டினால் 101. 225/40 ஆர் 18 பூட்டினால் 90. வெளி விட்டமோ நான்கிலும் 632க்கும் 637க்கும் இடையிலேயே நிற்கின்றது. ஆகவே பெரிய றிம் குழியைக் கடக்க உதவும் என்று எண்ணுவது தவறு. சில்லின் விட்டம் வளரவில்லை. காற்று மாத்திரம் 37 மில்லிமீற்றர் குறைந்துவிட்டது. பதிலாகக் கிடைப்பது, சுக்கானைத் திருப்பியவுடன் வண்டி தாமதமின்றித் திரும்பும் உணர்ச்சி. வழவழப்பான நெடுஞ்சாலையில் அது இன்பமே. உடைந்த தெருவிலே, காற்றுத் தாங்காத அடியை றிம் தாங்குகின்றது. றிம் வளைகின்றது, சிலவேளை வெடிக்கின்றது.

பெரிய றிம் எப்போதும் மெல்லிய ரயரையே குறிக்கும் என்றுமில்லை. 2013இல் வந்த பீ.எம்.டபிள்யூ. ஐ3 என்ற மின்சார வண்டி, உருளும் தடையைக் குறைக்கும் பொருட்டு 19 அங்குல றிம்மில் 155 மில்லிமீற்றர் அகலமேயுள்ள ரயரைப் பூட்டிற்று. பக்கம் 108 மில்லிமீற்றருக்கு மேலாக நின்றது. உருவத்தில் அது போர்ட் 'ரீ' வண்டியின் பேரப்பிள்ளை. வேகத்துக்குப் பெரிய றிம் இன்றியமையாதது என்போர் 'போர்மியூலா வன்' பந்தய வண்டிகளையும் நோக்க வேண்டும்: 2021 வரை அவை 13 அங்குல றிம்மில் உயர்ந்த ரயருடன் ஓடின, 18 அங்குலத்துக்கு மாறியது 2022இலேதான். குடும்ப வண்டிகளில் இன்று காணும் 19, 20 அங்குல றிம்களுட் பல கண்ணுக்காகவே வளர்ந்தவை என்பது என் துணிபு.

சில்லை மாற்ற எண்ணுவோர் சாரதியின் கதவைத் திறந்து, அதன் தூணிலே ஒட்டியிருக்கும் சிறு தாளை முதலிற் படிப்பாராக. பெரும்பாலான வண்டிகளில் ரயரின் அளவும் காற்றின் அமுக்கமும் அதிற் குறிக்கப்பட்டிருக்கும். சிலவற்றில் இரண்டு மூன்று அளவுகளும் இருக்கும். அவற்றுள் மிகச் சிறிய றிம், அவ்வண்டியின் பிறேக்கை அடக்கவும் பாரத்தைச் சுமக்கவும் போதுமென உற்பத்தியாளரே ஒப்புக்கொண்ட அளவு. குழி நிறைந்த தெருவில் நாள்தோறும் பிள்ளைகளையும் முதியோரையும் ஏற்றிச் செல்பவர் அதனையே பூட்டலாம்.